ஆயில் லைட் எரிகிறது… சுவிட்சா, எஞ்சினா? – வாசகர் கேள்வி பதில்

மீட்டர் போர்டில் சொட்டு விடும் எண்ணெய்க் குடுவை போல எரியுமே, அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. 'சுவிட்ச்தான் சார், மாத்திட்டா சரியாயிடும்' என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி சுவிட்சைவிட எஞ்சின் மேல்தான் அதிகம் சந்தேகப்பட வைக்கிறது.

ஆயில் பிரஷர் சுவிட்ச் எளிமையான பொருள். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி தொடுமுனை. எஞ்சின் ஓடாதபோது ஸ்பிரிங் தொடுமுனைகளைச் சேர்த்து வைத்திருக்கும். விளக்கிலிருந்து வரும் ஒற்றை வயர் சுவிட்சின் உடம்பு வழியாக எஞ்சின் பிளாக்கில் எர்த் ஆகி விளக்கு எரியும். ஆயில் அழுத்தம் ஏறி சவ்வைத் தள்ளியதும் தொடுமுனை பிரிந்து விளக்கு அணையும். பெரும்பாலான கார்களில் அது பிரிவது 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்தில், அதாவது சுமார் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இது எவ்வளவு கம்மி என்று புரியும். விளக்கு அணைந்திருப்பதால் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அந்த அடிமட்டத்துக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆயில் சூடேறினால் இளகும். ஐடிலிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, ஆயிலைத் தள்ளும் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். ஆகவே எந்த எஞ்சினிலும் சூடான ஐடிலிங்கில்தான் அழுத்தம் மிகக் குறைவு. பழுதான சுவிட்ச் பெரும்பாலும் நேரம் பார்த்துப் பழுதாகாது. எப்போதும் எரியும், அல்லது எப்போதுமே எரியாது, இல்லாவிட்டால் ஆயில் கசியும். உங்கள் விளக்கோ எஞ்சினின் சூட்டையும் வேகத்தையும் ஒட்டியே நடந்துகொள்கிறது. ஸ்பிரிங்கின் கணக்கு மாறிப்போன சுவிட்சும் சில நேரம் இப்படியே ஏமாற்றும் என்பதால்தான் கேஜ் (அழுத்தத்தை அளக்கும் முள் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் பொருத்தமான அடாப்டருடன் 0–7 பார் மெக்கானிக்கல் கேஜைத் திருகச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலிங்கில் ஒரு அளவும் 3,000 ஆர்.பி.எம்மில் ஒரு அளவும் எடுக்க வேண்டும். உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்தான் இறுதியானது. சில ஜப்பானிய எஞ்சின்களின் கையேடு ஐடிலிங்கில் 0.3 பார் இருந்தாலே போதும் என்று சொல்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள சிறிய பெட்ரோல் எஞ்சின் சூடான ஐடிலிங்கில் 1 பாரை ஒட்டியும், 3,000-இல் இரண்டரை பாருக்கு மேலும் காட்டும். கேஜ் 1 பார் காட்டும்போதும் உங்கள் விளக்கு மினுக்குகிறது என்றால் சுவிட்ச் குற்றவாளி. சில நூறு ரூபாயோடு போய்விடும். கேஜ் முள்ளும் 0.4-இல் தடுமாறினால் உங்கள் சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படி இருந்தால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். என்ன கிரேடு ஆயில் ஊற்றப்பட்டது, ஊற்றி எத்தனை கி.மீ. ஆகிறது, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராக இளகிவிடும். நல்ல ஃபில்டரும் சரியான ஆயிலும் மாற்றி மறுபடி அளக்கவும். அதிலும் சரியாகவில்லை என்றால் எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சேம்பரைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் சல்லடையைப் பார்க்க வேண்டும். கசடு அடைத்திருக்கலாம், பழைய கேஸ்கட் பசைத் துணுக்கும் அடைத்திருக்கலாம். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் எஞ்சின் என்றால் பெல்ட்டிலிருந்து உதிர்ந்த ரப்பர் தூள் வந்து நிற்கும் இடமும் இதுதான். அடுத்து, அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்.

பேரிங் தேய்மானம் ஏன் இவ்வளவு பாதிக்கிறது? பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். அந்த ஆயில் பேரிங் இடைவெளி வழியாக வெளியேற முடியாமல் திணறுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். கசிவு இந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு.

விளக்கை அணைக்க 20டபிள்யூ-50 போலக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. விளக்கு அணையும், பேரிங் ஆறாது. 0டபிள்யூ-20 போன்ற இளகலான ஆயிலைக் கேட்கும் எஞ்சினில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே வால்வுப் பகுதிக்கு ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏ.சி. போட்டு, ஐடிலிங்கில் பத்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான்.

நெடுஞ்சாலையில் போகும்போது அடியில் கல் தட்டியது. சிறிது நேரத்தில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தது. அடுத்த ஊர் 6 கி.மீ. மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ஆறு கி.மீ. அல்ல, அறுநூறு மீட்டர்கூட வேண்டாம். ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். அழுத்தம் இல்லையென்றால் கிராங்கும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசும். மெதுவாக ஓட்டுவதில் லாபம் எதுவும் கிடையாது.

ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். காருக்கு அடியில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். ஆயில் அளவு சரியாக இருந்து, எங்கும் கசியாமல் இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கல் பட்டு சேம்பர் உள்நோக்கி நசுங்கினால் அது சல்லடையின் வாயை அடைத்துவிடும். ஆயில் நிறைய இருந்தும் பம்ப்புக்கு எட்டாது. கொக்கி போட்டு இழுப்பதோ லாரியில் ஏற்றுவதோ எஞ்சின் வேலையைவிட மலிவு.

சுவிட்சில்தான் ஆயில் கசிகிறது என்பது உறுதியாகிவிட்டது. நானே மாற்ற ஆசை. என்னென்ன வேண்டும், எப்படிச் செய்வது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

ஓரளவு ஸ்பானர் பிடித்துப் பழகியவர் என்றால் அரை மணி நேர வேலை. காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் எண் காட்டிப் புதிய சுவிட்சை வாங்குங்கள். தட்டை வாஷர் வைக்கும் வகை என்றால் புது வாஷரும் வேண்டும். நீளமான சாக்கெட் அவசியம். ஜப்பானிய கார்களில் 24 மி.மீ., அமெரிக்க வண்டிகளில் 27 மி.மீ. அதிகம் புழங்குகிறது. உங்களுடையதை அளந்து வாங்குங்கள். டார்க் ரென்ச், மல்டிமீட்டர், வேஸ்ட் துணி, ஒரு சிறிய தட்டு, பிரேக் கிளீனர், அரை லிட்டர் அதே கிரேடு ஆயில் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புதிய சுவிட்சையே சோதியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை வயர் மாட்டும் உலோகப் பின்னிலும் மறுமுனையை உலோக உடம்பிலும் வைத்தால் கிட்டத்தட்ட 0 ஓம் காட்ட வேண்டும். வழக்கமான ஒற்றை வயர் சுவிட்சுக்கு இந்தக் கணக்கு. வோக்ஸ்வேகனின் பழைய எஞ்சின்கள் சிலவற்றில் இரண்டு சுவிட்சுகள் உண்டு. அவற்றில் 1.8 பார் அழுத்தத்துக்கான வெள்ளை நிறச் சுவிட்ச் நேர்மாறாக, அழுத்தம் வந்தால்தான் சேரும். தெரியாமல் இடம் மாற்றிப் போட்டால் பஸ்ஸர் அலறும்.

எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். சுவிட்ச் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டியிருக்கும், ஸ்பானர் அங்கே பட்டால் தீப்பொறி பறக்கும். முதலில் ஆயில் ஃபில்டரைச் சுற்றித் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில். கீழே போய்க் கழற்ற வேண்டிய இடம் என்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காமல் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுப் படுங்கள்.

சுற்றியுள்ள மண்ணை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இந்தத் துளை நேராக ஆயில் ஓடும் பாதைக்குள் திறக்கிறது, விழும் மணல் பேரிங்குக்குத்தான் போகும். வயரின் நுனியில் உள்ள பிளக்கான கப்ளரை அதன் பூட்டை அழுத்தி எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்ளருக்குள் ஆயில் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்து அந்த வழியாக ஆயில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தாமல் புதிய சுவிட்சில் மாட்ட வேண்டாம்.

சாக்கெட்டை அறுகோண உலோகப் பகுதியில் முழுதாக இறக்கி, இடப்பக்கம் திருப்புங்கள். பிளாஸ்டிக் தலையைப் பிளையரால் பிடித்தால் தலை மட்டும் கையோடு வந்து, உடம்பு உள்ளே தங்கிவிடும். கழன்றதும் கால் டம்ளர் அளவுக்கு ஆயில் வரலாம். ஆயிலை வடிக்கத் தேவையில்லை. துளையின் மரையைத் துணியால் துடையுங்கள், எமரித் தாள் வேண்டாம்.

புதியதை முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே திருகுங்கள். கையில் போகாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். இறுக்கும் விசை பெரும்பாலான சிறிய கார்களுக்கு 12 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும். வீல் நட்டை 100 வரை இறுக்கிப் பழகிய கை இங்கே ஆபத்து. ஃபில்டர் தாங்கி அலுமினியம், விட்டால் விரிசல் விடும்.

பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்தால் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடியில் அணைய வேண்டும். ஐந்து வினாடி தாண்டியும் எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு என்னவென்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சின் அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். 20 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை ஒற்றுங்கள். பிறகு டிப்ஸ்டிக் பார்த்துக் குறைந்த ஆயிலை ஊற்றுங்கள். கீழே சிந்தியது ரப்பர் ஹோஸ்களிலும் பெல்ட்டிலும் இல்லாமல் கழுவிவிடுங்கள்.

புதுச் சுவிட்ச் போட்டும் ஓரத்தில் ஆயில் கசிகிறது. டெஃப்லான் டேப் பத்துச் சுற்று சுற்றியும் நிற்கவில்லை.
– ஒரு வாசகர், ஈரோடு

மரை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கார்களில் மூன்று மரைகள் பரவலாக உண்டு. ஐரோப்பிய வண்டிகளில் எம்10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள நேர் மரை, மரை இடைவெளி 1 மி.மீ. ஜப்பானியக் கார்களில் 1/8 அங்குல பிரிட்டிஷ் கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. பழைய அமெரிக்க வண்டிகளில் 1/8 அங்குல அமெரிக்கக் கூம்பு மரை, அங்குலத்துக்கு 27 சுற்று. 27-ம் 28-ம் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். பிறகு இறுகும், 'சரியாக உட்கார்ந்துவிட்டது' என்று தோன்றும், கசியும். மேலும் இறுக்கினால் எஞ்சின் பக்க மரை போய்விடும். மரை இடைவெளியைக் காட்டும் பிட்ச் கேஜைக் கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டிய பொருள் இது.

டேப் விஷயம். நேர் மரை என்றால் கசிவை அடைப்பது செம்பு அல்லது அலுமினிய வாஷர்தான், டேப்புக்கு வேலையே இல்லை. கூம்பு மரைக்கு ஆயில் தாங்கும் திரவ சீலண்டைத் துளி அளவு, முனையில் இரண்டு மரை விட்டுத் தடவினால் போதும். பல புதிய சுவிட்சுகளில் நிறப் பூச்சாக அது ஏற்கனவே வந்துவிடும். பத்துச் சுற்று டேப் இரண்டு விதத்தில் கெடுக்கும். அறுந்த துணுக்கு ஆயில் பாதைக்குள் போகும். சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான் என்பதால் எர்த்தும் அறுபடலாம். அப்போது அழுத்தம் பூஜ்யமானாலும் விளக்கு எரியாது. கசிவைவிட இதுதான் எங்களுக்குப் பயம். முழுவதையும் சுரண்டி எடுங்கள்.

சாவி போட்டால் ஆயில் லைட் எரிவதே இல்லை. மற்ற விளக்குகள் எல்லாம் எரிகின்றன. நல்லதுதானே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இல்லை. காவல்காரர் தூங்குகிறார். ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, அந்த வயரை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் வயரும் பல்பும் சரி, சுவிட்சையோ அதன் எர்த்தையோ பாருங்கள். எரியாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது அல்லது மீட்டர் போர்டில் கோளாறு. சுவிட்சுக்குப் பதிலாக மூன்று பின் சென்சார் இருக்கும் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. 5 வோல்ட் முனையை எர்த் செய்து வைத்தால் அதே மின்சாரத்தைப் பகிரும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும்.

ஸ்கேனரில் பி0522 என்று பிழைக் குறியீடு (கோடு) வருகிறது. சென்சாரில் மூன்று பின் இருக்கிறது. சென்சாரை மாற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை

கோடு சொல்வது 'சென்சாரிலிருந்து வரும் வோல்ட் மிகக் குறைவு' என்று மட்டும். இதே வரிசையில் பி0523 வோல்ட் மிக அதிகம் என்பதற்கு, பி0524 அழுத்தமே குறைவு என்பதற்கு. கடைசியாகச் சொன்னது வந்தால் காரை ஓட்டாமல் கேஜ் வைத்துப் பாருங்கள்.

உங்களுடையது சுவிட்ச் அல்ல, அழுத்தத்துக்கு ஏற்ற வோல்ட்டைத் தரும் சென்சார். ஒரு பின்னில் 5 வோல்ட், ஒன்றில் எர்த், ஒன்றில் சிக்னல். கப்ளரைக் கழற்றி, சாவி ஆன் நிலையில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். 5 வோல்ட் வரவில்லை என்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. வந்தால், கப்ளரை மாட்டி அதன் பின்பக்கம் வழியாக சிக்னலை அளந்து பாருங்கள். பரவலான வகையில் அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட். 10 பார் சென்சாரில் 1.3 வோல்ட் காட்டினால், 0.5 போக 0.8, அதை 4-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 2 பார். எஞ்சின் அணைந்த நிலையில் சிக்னல் 0-வாகவே கிடந்தால் சென்சார் செத்திருக்கலாம், அல்லது சிக்னல் வயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். பேட்டரியையும் கப்ளரையும் கழற்றிவிட்டு, சிக்னல் வயருக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். 0-வை ஒட்டி வந்தால் வயரைத் தேடுங்கள், பெரும்பாலும் பிராக்கெட்டின் விளிம்பு ஒன்றில் தோல் உரிந்து நிற்கும்.

இங்கே ஜி.எம். 5.3 லிட்டர் வி8 பிக்கப் ஓட்டுகிறேன். ஆயில் கேஜ் திடீர் திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறது. எஞ்சினில் சத்தம் எதுவும் இல்லை. சென்சார் மாற்றியும் அப்படியே இருக்கிறது.
– ஒரு வாசகர், துபாய்

சென்சாரை மாற்றியவர் அதன் கீழே பார்க்கவில்லை போலிருக்கிறது. இந்த எஞ்சினில் சென்சார், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிளாக்கின் பின்புற உச்சியில் இருக்கிறது. பல ஆண்டு மாடல்களில் அந்தத் துளைக்குள் விரல் நுனியளவு சல்லடை ஒன்று உண்டு. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் அது கசடால் அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் அழுத்தம் இருந்தும் சென்சாருக்கு எட்டாது. வளைந்த ஊசி முனையால் சல்லடையை முழுதாக வெளியே எடுங்கள், உடைந்து துண்டு உள்ளே விழக் கூடாது. புதிய சல்லடையை வைப்பதற்கு முன் அதே துளையில் மெக்கானிக்கல் கேஜைத் திருகி உண்மையான அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். கேஜிலும் குறைவாக வந்தால் சேம்பருக்குள் உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கெட்டித்துப் போய்ப் பம்ப் காற்றை இழுக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் அது பழகிய நோய்.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் லைட் நான்கு வினாடி எரிந்தது. பிறகு தினமும் காலையில் அதே போல. மற்ற நேரம் சரியாக இருக்கிறது.
– ஒரு வாசகர், நாமக்கல்

மாற்றிய அன்று எரிந்தது இயல்பு, காலி ஃபில்டர் நிரம்ப நேரம் எடுக்கும். தினமும் எரிவது இயல்பல்ல. ஃபில்டருக்குள் ஆயில் பின்வாங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு உண்டு. மலிவான ஃபில்டர்களில் அது சூட்டில் விறைத்து, இரவெல்லாம் ஆயிலைச் சேம்பருக்கு இறக்கிவிடும். படுக்கை வாட்டில் அல்லது வாய் கீழ்நோக்கி மாட்டிய ஃபில்டரில் இது சட்டென்று தெரியும். சுவிட்சைத் தொட வேண்டாம். கம்பெனி ஃபில்டர் ஒன்றை மாட்டி மூன்று காலை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் முதல் கேள்வியில் சொன்ன கேஜ் சோதனைதான்.